இடது கையின் துடிப்பும் உன் வாய்ப்புண்ணும்

தம்பி,

புதன்கிழமை பகல் பவானி எனக்குப் போன் எடுத்தாள். கலியாணத்துக்கு முன்னால் மாமாவோடு ஒரு தடவையாவது தனியாகப் பேச வேண்டும் என்று நினைத்தாளாம். புளத்கொகுபிட்டியவில் மண்டபம் பார்த்தாயிற்று, கூறைச் சேலை எடுத்தாயிற்று, அவள் அப்பாவுக்குத்தான் முழங்கால் வலி குறையவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை. பேச்சில் பதற்றம் இல்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தணித்துக் கேட்டாள். "மாமா, அவருக்கு அடிக்கடி வாயெல்லாம் புண்ணாகிடுதுங்க. போன கிழமையும் சோறு திங்க முடியாம கஞ்சிதான் குடிச்சாரு. கேட்டா ஒடம்பு சூடுங்கறாரு. ஒங்களுக்குத் தெரியுமுங்களா?"

எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை. எத்தனை காலமாக, எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை, கண் சிவக்கிறதா, காலில் கட்டி கட்டியாக வருகிறதா என்று நான் அவளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாமா ஏன் இப்படி விசாரிக்கிறார் என்று அவள் யோசித்திருப்பாள். பயப்பட ஒன்றும் இல்லை, நான் தம்பியோடு பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று தடவை உன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் போனில் பேசுவது எப்படி என்று உனக்கே தெரியும். சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி வைக்கிறேன். இந்த விசயத்தை அதற்குள் அடக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு தகப்பன் மகனிடம் சொல்லக் கூசுகிற விசயமும் இதில் இருக்கிறது. பொறுமையாகப் படி.

என் இடது கையில் ஒப்பரேசன் நடந்தது உனக்குத் தெரியும். இரத்தக் குழாய் வருத்தம் என்று அன்றைக்குச் சொன்னேன், நீயும் மேலே கேட்கவில்லை. அது எப்படித் தொடங்கியது என்பதை இப்போது சொல்கிறேன். உன் அம்மா செத்துப்போய் இரண்டாவது வருசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் அப்படியே மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சத்தம் இல்லை. லயத்தில் பக்கத்துக் காம்பிராச் சனம் எல்லாம் றக்வான டவுனுக்குப் போயிருந்தார்கள். அப்போது என் சட்டைக்கை தானாக அசைவதைப் பார்த்தேன். காற்று இல்லை. முழங்கைக்கு மேலே உள்பக்கமாகத் துணி மேலே எழும்புவதும் அடங்குவதுமாக இருந்தது. சட்டையை மடித்துப் பார்த்தால் தேசிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். விரலை வைத்தேன். உள்ளே துடித்தது. நெஞ்சில் அடிப்பதைப் போலவே அடித்தது.

லொறியில் கியர் இழுத்து இழுத்துச் சதை பிசகியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு முருகேசு அது பெரிய கட்டி என்றும், பழுத்தால் கீறிவிட வேண்டும் என்றும் சொன்னான். நல்லெண்ணெய் சூடாக்கி இரண்டு நாள் தடவினேன். நல்ல காலம், யாரும் கத்தி வைக்கவில்லை. அப்படி வைத்திருந்தால் அந்த இடத்திலேயே இரத்தம் எல்லாம் போய் நான் முடிந்திருப்பேன் என்று பிறகு டொக்டர்மார் சொன்னார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள். உடம்பில் எங்காவது ஒரு கட்டி துடித்தால் அதை யாரும் தொடக் கூடாது.

அடுத்த கிழமை லொறியில் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்கு இறங்கினேன். கோயிலைத் தாண்டி வருகிற அந்த இரட்டை வளைவு உனக்கு நினைவிருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றக் கையை வைத்தேன், கியர் கம்பி கையில் பட்டதே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் கை கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. விரல்கள் வெளுத்துப்போய், செத்த விரல் மாதிரி குளிர்ந்திருந்தன. முப்பது வருசம் ஓடின ரோட்டில் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயந்தேன். பிரேக்கை மிதித்து, வலது கையாலேயே ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்து, மண் திட்டில் முட்டி நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ்காரன் கத்திக்கொண்டே போனான். எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உன் நம்பர்தான் முதலில் இருந்தது. நீ கொழும்பில் இருந்து என்ன செய்வாய்? ஃபெக்டரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

இரத்தினபுரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஓடுகிற பெரிய இரத்தக் குழாயின் சுவர் பலம் இழந்து பலூன் மாதிரி ஊதியிருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கலாம், அதற்குள் உறைந்த இரத்தம் துண்டு துண்டாகப் போய் விரல்களை அடைக்கிறது என்று விளக்கினார்கள். அடிபடாமல், ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் எதுவும் இல்லாமல், கையில் இப்படி வருவது மிக அபூர்வமாம். மாணவ டொக்டர்மார் கூட்டமாக வந்து வீக்கத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் என்னோடு வரச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். பின்னால் வருவார்கள் என்று சொல்லிவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டேன்.

கொழும்பில்தான் அந்த டொக்டர் பொம்பளைப் பிள்ளை வந்தாள். சிங்களப் பிள்ளை, உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். இரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கே சின்னதாகச் சிவந்து சீழ்க் கொப்புளம் கிளம்பியிருந்தது. எப்போதும் ஊசி குத்தினால் இப்படித்தான் ஆகுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வாயில் புண் வருமா என்றாள். வாலிபத்தில் இருந்தே வரும் என்றேன். கண் சிவந்து வலித்திருக்கிறதா என்றாள். அதுவும் ஒரு தடவை வந்து, ஒரு மாதம் லொறி ஓட்ட முடியாமல் இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட ஆட்ட அவளுடைய முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில், வேறு எங்காவது புண் வந்திருக்கிறதா என்று கேட்டாள். நான் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து திரையை இழுத்து மூடிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்து, மெதுவாக அதையே கேட்டாள்.

தம்பி, இனிமேல் வருவதுதான் நான் கூசுகிற இடம்.

உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது எனக்கு மறைவான இடத்தில் புண் வந்தது. அதற்கு முன்னால் வாயில் வந்துகொண்டிருந்த அதே மாதிரிப் புண். நடக்க முடியாத வலி. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அப்போது அங்கே மருந்து கொடுக்க இருந்தவர் பார்த்துவிட்டு மருந்து எழுதாமல், லொறி எந்தெந்த டவுனில் நிற்கிறது, இராத்தங்கல் எங்கே என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை ஐயா என்று சொன்னேன். எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்வான் என்று சிரித்துவிட்டு, பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கும் ஊசி போட வேண்டும் என்றார். உன் அம்மா மலையில் இருந்து இறங்கி, கொழுந்துக் கூடையோடு அப்படியே வந்து ஊசி போட்டுக்கொண்டாள். எதற்கு என்று யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. மற்றப் பெண்கள் பார்த்த பார்வையில் அவளே தெரிந்துகொண்டாள்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாவது நாள் உன்னையும் தூக்கிக்கொண்டு பாயை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். நான் கதவடியில் நின்று, நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பாயை விரித்துக்கொண்டே சொன்னாள். "நான் ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் சாகும் வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்தது.

இரத்தினபுரிக்குப் போய் இரத்தம் சோதித்தேன். அப்படிப்பட்ட நோய் எதுவும் இல்லை என்று வந்தது. அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். "இதுல என்னா எழுதியிருக்குன்னு எனக்கு என்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைத்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். புண் போய்ப் போய்த் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும், நான் புதிதாக எங்கேயோ போய் வந்த மாதிரிதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வாய் புண்ணாகிற நாட்களை அவள் எப்படிக் கண்டுபிடித்தாளோ, அந்த நாட்களில் மிளகாய் போடாமல் தனிச்சட்டியில் எனக்குக் கறி வைப்பாள். சோற்றைக் குழைய வடித்து, தேங்காய்ப் பால் விட்டு மேசையில் மூடி வைத்துவிட்டு மலைக்குப் போவாள். நம்பிக்கை இல்லாத ஒரு மனுசனுக்கு யார் அப்படிச் செய்வார்கள்? எங்களுக்குள் சண்டை இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்தோம், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், திருவிழாவுக்குப் போனோம். வெளியில் பார்த்தவர்கள் நல்ல குடும்பம் என்றுதான் சொன்னார்கள். ஒரே காம்பிராவுக்குள் அவள் ஒரு பக்கம் தனியாக இருந்தாள், நான் ஒரு பக்கம் தனியாக இருந்தேன். வாய் எரியும் நாட்களில் நான் பேசாமல் இருப்பேன். பேசாத நாட்களில் நான் எதையோ மறைப்பதாக அவள் நினைத்தாள். நீயும் என்னை உம்மணாமூஞ்சி அப்பா என்றே நினைத்து வளர்ந்திருப்பாய். பாதி நாட்களில் என்னால் நாக்கைப் புரட்ட முடியவில்லை, ராசா.

உனக்கும் தெரியவந்தது எனக்குத் தெரியும். பலாங்கொடையில் இருந்து உன் சித்தி வந்திருந்தபோது அவளும் அம்மாவும் குளிக்கிற பீலிக்கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் மேலே ரோட்டில் லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். லொறிக்காரனுக்கு வாக்கப்பட்டால் இதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும் என்று சித்தி சொன்னது எனக்கே கேட்டது. நீ தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ லொறியில் ஏறவே இல்லை. அதுவரைக்கும் சனிக்கிழமை என்றால் முன் சீட்டில் உட்கார்ந்து ஹோர்ன் அடிக்க அடம்பிடிப்பாய். ஓ-லெவல் சோதனை முடிந்த கையோடு கொழும்புக்குப் போனாய். நீ போனது வேலைக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திரைக்குப் பின்னால் இதையெல்லாம் நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். இவ்வளவு விவரமாக இல்லை. புண் வந்தது, மனைவி நம்பவில்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "தாத்தே, மேக ஒயாகே வரதக் நெவெய்" என்றாள். அப்பா, இது உங்கள் குற்றம் இல்லை. வாய்ப்புண், மறைவான இடத்துப் புண், கண், ஊசிக் கொப்புளம், கையில் ஊதிய இரத்தக் குழாய் எல்லாமே ஒரே நோய்தான் என்று விளக்கினாள். பெசெட் என்று அதற்குப் பெயராம். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய சக்தியே திரும்பி வந்து இரத்தக் குழாய்களைப் புண்ணாக்குவதாம். யாரிடமிருந்தும் தொற்றாது, யாருக்கும் தொற்றாது. பெண் தொடர்பால் வருவது இல்லவே இல்லை. இதை அவள் இரண்டு தடவை சொன்னாள்.

நான் அழுதேன். அம்மாவின் சாவு வீட்டில்கூட நான் அழுது நீ பார்த்திருக்க மாட்டாய். அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் யாருக்காவது போன் பண்ணி நானே விளக்கிச் சொல்லவா, அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும் என்று கேட்டாள். யாரிடம் சொல்லச் சொல்வது? கேட்க வேண்டியவள் போய்விட்டாள். பாரிசவாதம் வந்து கடைசிக் கிழமைகளில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. நான்தான் கரண்டியால் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேண்டாம் மகளே என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் மருந்து கொடுத்து நோயை அடக்கினார்கள். அடக்காமல் வெட்டினால் தைத்த இடமே மறுபடியும் ஊதிவிடுமாம். பிறகு காலில் இருந்து ஒரு இரத்த நரம்பை எடுத்து, கையில் கெட்டுப்போன குழாயை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். நீ வந்து பார்த்தது அதற்கு மறுநாள். ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து கால்மாட்டில் நின்றாய். என் விரல்களைத் தொட்டுப் பார்த்து, சூடா இருக்குப்பா என்றாய். அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. நீயும் அவசரமாகப் போய்விட்டாய். அந்த நாளுக்குப் பிறகு அதற்கு ஒரு நேரம் வாய்க்கவே இல்லை.

இப்போது கை நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன விரல் மட்டும் மரத்துப்போயிருக்கிறது, லொறி ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள். மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போய் வருகிறேன், குளிசை போடுகிறேன், புண் வருவது மிகவும் குறைந்துவிட்டது. இத்தனை வருசத்துக்குப் பிறகு எனக்குக் காரமாகச் சாப்பிட முடிகிறது. அந்தக் காரக் கறியை நானேதான் எனக்குச் சமைத்துக்கொள்கிறேன், நானே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சாயங்காலத்தில் மற்ற வீடுகளில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

உன் விசயத்துக்கு வருகிறேன். வாய்ப்புண் எல்லாருக்கும் வரும். என் நோய் உனக்கும் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்பது இல்லையாம், பெரும்பாலும் வருவதில்லையாம். ஆனால் பிள்ளைகளில் யாருக்காவது புண் திரும்பத் திரும்ப வந்தால் உடனே காட்டச் சொல்லுங்கள், என்னுடைய நோயின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள் என்று அந்த டொக்டர் அன்றைக்கே சொன்னாள். காலத்தோடு பார்த்தால் கண்ணையும் இரத்தக் குழாயையும் காப்பாற்றிவிடலாமாம். சூடு என்று சொல்லிக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருக்காதே. கண் மங்கினாலோ வலித்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்காதே. வாயில் மட்டும்தானா, வேறு எங்கும் இருக்கிறதா என்று உன்னை நான் கேட்க மாட்டேன். டொக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்.

போகும்போது பவானியையும் கூட்டிக்கொண்டு போ. வெளியே வாங்கில் உட்கார வைக்காதே, உள்ளே கூட்டிக்கொண்டு போ. உனக்கு என்ன நோய், அது எதனால் வருகிறது, எதனால் வராது என்பதை டொக்டர் வாயாலேயே அவள் காதால் கேட்கட்டும். ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் அதையும் அவள் கேட்கட்டும். நீ வந்து சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்று இல்லை. நம்புவாள். ஆனால் ஒரு நாள் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டால், அதை எழுப்பி அனுப்ப ஒரு மனுசன் ஒரு ஆயுசு முழுக்க முயற்சி செய்தாலும் முடியாமல் போகலாம். அந்தப் பிள்ளை உனக்குத் தெரியாமல் எனக்குப் போன் எடுத்தது உன் மேல் உள்ள பாசத்தால். அதற்காக அவளைக் கோபிக்காதே.

நீ இத்தனை நாளும் அம்மாவை நம்பினாயா, என்னைப் பற்றி என்ன நினைத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அம்மா பொய் சொன்னவள் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் நம்பினாள், நம்பிக்கொண்டே எனக்குச் சோற்றைக் குழைய வடித்தும் வைத்தாள். இதைப் படித்துவிட்டு அவள் மேல் உனக்குக் கொஞ்சமும் மனக்கசப்பு வரக் கூடாது. வந்தால் நான் எழுதினதே வீண்.

கலியாணத்துக்கு நான் முதல் நாளே பஸ்ஸில் வந்துவிடுகிறேன். யாரையும் அனுப்ப வேண்டாம். மணவறைக்குப் பக்கத்தில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு வைக்கப்போவதாகப் பவானி சொன்னாள். அந்தப் படத்தை ஒரு நாற்காலியில் வைத்து, பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல். தாலி கட்டி முடியும் வரைக்கும் நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா